அறுநூற்றுப் பன்னிரண்டு தீப்பெட்டிகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் அருங்காட்சியகத்தின் பின்வாசலில் வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு வெள்ளைத் துணி மூட்டைகள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைக் கட்டிக் கொண்டுபோகிற மாதிரியான மூட்டைகள். காவலாளி, "துணியெல்லாம் இங்க வாங்கறதில்லைம்மா" என்றிருக்கிறார். "துணி இல்லைங்க, நத்தை" என்றாராம் அந்த அம்மா. காவலாளி இரண்டடி தள்ளி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் அங்கே பதிவாளர். வந்து சேர்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எங்களுடையது பெரிய இடம் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பொருட்களை மட்டும் சேர்த்து வைக்கிற இடம். அங்கே இருப்பதில் நாங்களாகத் தேடி வாங்கியது பத்தில் ஒன்றுகூடத் தேறாது. மற்றதெல்லாம் யாராவது மனசு வைத்துக் கொடுத்தது, இல்லையென்றால் இறந்தபிறகு உயிலின் வழியாக வந்து சேர்ந்தது. ஒரு பல் டாக்டர் ஆயுள் முழுக்கப் பொறுக்கிய கற்களைக் கொடுத்தார். ஒரு கப்பல் சமையல்காரரின் மனைவி, அவர் துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்த கரண்டிகளைக் கொடுத்தார். ஓர் அச்சகக்காரர் தான் அச்சடித்த தினக்காலண்டர்களை, நாற்பது வருஷத்துக்கு, ஒரு தாளும் கிழிக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவை வேனில் வந்து இறங்கியபோது, "முடிஞ்சுபோன தேதியை எல்லாம் வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?" என்று நாங்கள் சிரித்தோம்.

மூட்டைகளுக்குள் தீப்பெட்டிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தபோது அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்து, அதன்மேல் நத்தை ஓடுகள். சில பெட்டிகளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று, சிலவற்றில் கடுகு போலப் பத்துப் பதினைந்து. எல்லாம் குளத்திலும் வாய்க்காலிலும் கிடைக்கிற நன்னீர் நத்தைகள். பெட்டிக்கு ஒரு துண்டுச் சீட்டு.

"என் சின்னவனோடது" என்றார் அந்த அம்மா. "அவன் போய் ஆறு வருஷம் ஆச்சு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் போற இடத்துல ஒரு ரூம்தான். தூக்கிப் போட மனசு வரல, சார்."

இயற்கைப் பிரிவின் காப்பாளர் வந்தார். அவர் அதிகம் பேசாத பெண்மணி. ஒரு பெட்டியை எடுத்தார், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல அறிகுறி என்று எனக்குத் தெரியும். ஆனால் சீட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எங்க எடுத்தது, என்னைக்கு எடுத்ததுன்னு தெரிஞ்சாத்தான் இதுக்கு மதிப்பு. இல்லேன்னா வெறும் ஓடு. இந்த எழுத்தை என்னால படிக்க முடியலையே."

உண்மைதான். எறும்பு மையில் விழுந்து, எழுந்து, தாளில் நடந்தது போல இருந்தது கையெழுத்து.

"நான் படிப்பேன், மேடம்" என்றார் அந்த அம்மா. "அவனோட டீச்சரே என்னைத்தான் கூப்பிட்டுவிடுவாங்க. ஒருதடவை பரீட்சைப் பேப்பர் முழுசையும் நான்தான் நின்னு படிச்சுக் காட்டினேன். ரெண்டு தப்பு இருந்துச்சு. படிக்கும்போதே திருத்திடலாமான்னு பார்த்தேன், டீச்சர் விடல."

காப்பாளர் சிரித்தார். நான் அவரிடம் அதற்கு முன்பு பார்த்திராத சிரிப்பு.

அப்படித்தான் அந்த அம்மா வாரா வாரம் வியாழக்கிழமை எங்கள் நிலவறைக்கு வரத் தொடங்கினார். அங்கே ஜன்னல் கிடையாது. ஈரத்தை உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். நீண்ட மேஜையின் ஒரு பக்கம் அவர், எதிரே நான். அவர் படிப்பார், நான் எழுதுவேன். முதல் நாள் என்னை சார் என்றார். மூன்றாவது வாரம் தம்பி என்றார். நானும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

அக்காவின் கைகள் கொதிநீரிலும் நீராவியிலும் வெந்து, விரல் ரேகையே தேய்ந்து போயிருந்தன. அதனால் பிடி வழுக்கும். ஆனாலும் இடுக்கியைப் பிடித்து ஒரு கடுகு நத்தையைப் பஞ்சிலிருந்து எடுக்கும்போது ஒரு நடுக்கம் இருக்காது. அதிகாலை ஐந்து மணி முறைக்கு அவர் வேலைக்குப் போய்விடுவாராம். மகன் எழுந்து கிளம்பும்போது வீட்டில் இருக்கமாட்டார். அவர் திரும்பும்போது மகன் இருக்கமாட்டான். அதனால் இருவரும் அடுப்படியில் சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொள்வார்கள். "அம்மா, பால் காய்ச்சிட்டேன், பூனை வந்தா விரட்டு." அந்தச் சீட்டுகளைப் படித்துப் படித்துத்தான் அந்த எழுத்து பழகியது என்றார். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். பெரியவளுக்குக் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள்.

சின்னவனைப் பற்றிப் பேசும்போது அக்காவுக்கு ஒரு வரி கட்டாயம் வந்துவிடும். "பெயிண்ட் கம்பெனி ஆபீஸ்ல வேலை. ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து எழுதற வேலை." சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்த்திருக்கிறார். ஆவியில் வெந்தவருக்கு அந்த ஃபேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. பதிவேட்டில் 'சேகரித்தவரின் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'எழுத்தர், பெயிண்ட் நிறுவனம்' என்று எழுதினேன். அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

எப்படி இறந்தான் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரி. மழைநீர் தேங்கிக் குளமாகிக் கிடந்தது. ஒரு புதன்கிழமை அதில் மிதந்தான்.

"வேலை நாள், தம்பி. ஆபீஸ் போறேன்னு சீட்டு எழுதி வச்சுட்டு, சாப்பாட்டு டப்பாவோட போனவன். அங்க அவனுக்கு என்ன வேலை? நத்தை பொறுக்கறதெல்லாம் ஞாயித்துக்கிழமைதான்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பையில புதுக் கயிறு இருந்துச்சு. பிரிக்காத கட்டு. போலீஸ்காரங்க அதை எடுத்துப் பெரியவ கையில கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ஊர் என்ன பேசும்னு உங்களுக்கே தெரியும். நானும் பெரியவளும் அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை."

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. நான் பென்சிலைச் சீவினேன்.

நானூறாவது பெட்டிக்குப் பக்கத்தில் அது நடந்தது. அக்கா ஒரு சீட்டை எடுத்து, தேதியைப் படித்துவிட்டு, மேலே படிக்காமல் நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"இது பெரியவளுக்குக் குழந்தை பிறந்த நாள்."

"சரி."

"அன்னைக்கு அவன் வரல, தம்பி. நான் மட்டும்தான் பஸ் ஏறிப் போனேன். லீவு கிடைக்கலம்மா, மேனேஜர் ஒத்துக்கலன்னான். பெரியவ ரொம்ப வருத்தப்பட்டா." சீட்டை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "பழைய வாய்க்கால், மதகுக்குக் கீழே, முழங்கால் ஆழம், காலை பத்தரை மணி. ஏழு ஓடு. அப்படித்தான் எழுதியிருக்கான்."

அதற்குமேல் அவர் அடுத்த பெட்டியைத் தொடவில்லை. அதற்கு முந்தைய முப்பது பெட்டிகளின் தேதிகளை என் தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதெல்லாம் என்ன கிழமை?" என்று கேட்டார். நான் கைப்பேசியை எடுத்தேன். "அதுல வேணாம். தாள்ல காட்டுங்க" என்றார்.

அச்சகக்காரரின் காலண்டர்கள் மூன்றாவது அலமாரியில் இருந்தன. அந்த வருஷத்துக் கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அக்கா ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். திங்கள். செவ்வாய். புதன். வெள்ளி. மறுபடியும் திங்கள். இரண்டு மாதம். ஒன்றுகூட ஞாயிறு இல்லை.

முடிந்துபோன தேதிகள் என்று நாங்கள் சிரித்த காலண்டர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மூன்று வியாழக்கிழமை அக்கா வரவில்லை. நான்காவது வாரம் வந்தார். உட்கார்ந்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கினார்.

"கம்பெனிக்குப் போனேன். வாசல்ல இருந்த பெரியவர் அவனை ஞாபகம் வச்சிருந்தார். 'அந்தப் பிரிவையே மூடிட்டாங்களேம்மா, உன் பையனை நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சுத்தானே அந்தச் சேதி வந்தது'ன்னார். சாவுக்கு ஒருத்தர்கூட வரலன்னு ஆறு வருஷமா அந்த மனுஷங்களை வாய் ஓயாமத் திட்டிக்கிட்டு இருந்தேன், தம்பி. அவங்க எதுக்கு வரணும்?"

"உங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா."

"எப்படிச் சொல்வான்? ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து வேலை பார்க்கறான், ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து வேலை பார்க்கறான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவ நான். அந்த வாயை வச்சுக்கிட்டு நான் இருக்கும்போது அவன் எப்படிச் சொல்வான்?"

அவர் அழவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காப்பாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்தார். நிலவறைக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று எல்லோரையும் கடிந்துகொள்கிறவர் அவர்தான்.

"மிச்சம் இருக்கறதை முடிச்சுடலாம்" என்றார் அக்கா.

அந்தக் கடைசி வருஷத்துப் பெட்டிகளை வரிசைப்படுத்தியபோது ஒன்று தெரிந்தது. திங்கள் பழைய வாய்க்கால். செவ்வாய் ரயில் பாலத்துக்குக் கீழே உள்ள ஓடை. புதன் குவாரி. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி நீரேற்று நிலையத்துக் குட்டை. வாரம் தவறாமல், காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு வரை. ஒவ்வொரு இடத்திலும் ஆழம், தண்ணீரின் நிறம், எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை வெறும் ஓடு. வேலை போனவன் தனக்குத் தானே ஒரு வேலை போட்டுக்கொண்டு, அதற்கு நேரம் தவறாமல் போய் வந்திருக்கிறான்.

"வியாழக்கிழமை எனக்கு வார லீவு" என்றார் அக்கா. "அன்னைக்கு நான் வீட்டுல இருப்பேன். உடம்பு சரியில்லன்னு அவனும் சில நாள் வீட்டுல இருந்துடுவான். சில நாள் எங்கேயோ மூட்டை தூக்கப் போயிருப்பான் போல. தோள்ல காயம் பார்த்தேன். அலமாரி இடிச்சுடுச்சுன்னான்."

குவாரிப் பெட்டிகள் நாற்பத்து மூன்று. அவற்றில் கடைசியாகத் தேதியிட்ட பெட்டி, அவன் இறப்பதற்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை. அதன் சீட்டை அக்கா எடுத்தார். வாய்விட்டுப் படிக்காமல் மனசுக்குள்ளேயே படித்தார். பிறகு சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க படிங்க, தம்பி. நான் வாயே திறக்கமாட்டேன்."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த எழுத்தோடு உட்கார்ந்திருந்ததில் எனக்கும் அது கொஞ்சம் பிடிபட்டிருந்தது. மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "வடக்கு விளிம்பு. இடுப்பு ஆழம். உயிரோடு பதினொன்று. பாறை ரொம்ப வழுக்குகிறது. அடுத்த வாரம் கயிறு."

"கயிறுதானே? நல்லா பாருங்க. வேற எதுவும் இல்லையே?"

"கயிறுதான், அக்கா."

காப்பாளரை வரவழைத்து அவரையும் படிக்கச் சொன்னார். அவர் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "கயிறு" என்றார். கொஞ்சம் தயங்கி, "இதை வச்சு எதையும் முடிவாச் சொல்லிட முடியாதும்மா" என்றும் சொன்னார். நேர்மையான மனுஷி. எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம்கூட வந்தது.

"தெரியுது, மேடம்" என்றார் அக்கா. "எனக்கு இது போதும்."

ஆனால் அவர் மகளுக்குப் போதவில்லை. சீட்டின் நகலை அக்கா எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார். மகள் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு எழுத்தாவது புரியுதா? உனக்கு என்ன வேணுமோ அதைப் படிக்கற" என்று சொல்லிவிட்டாள். அதை என்னிடம் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் முதன்முதலாக உடைந்தது. நிலவறைக்கு வெளியே படிக்கட்டில் நின்று, அவருடைய கைப்பேசியிலிருந்து மகளிடம் நான் பேசினேன். நான் யார் என்று சொன்னேன். நானாகப் படித்ததை, காப்பாளர் படித்ததை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். எதிர்முனையில் "சரி, சார்" என்று ஒரு குரல். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

ஏற்புக் குழு கூடி அந்தத் தொகுப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டது. கொடை கொடுப்பவர்கள் பலவிதம். பெயர்ப் பலகை எத்தனை அடி என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் என் அப்பாவின் படத்தைக் கூடத்தில் மாட்டவில்லை என்று வருஷா வருஷம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அக்காவிடம், இவை பெரும்பாலும் நிலவறையில்தான் இருக்கும், கூடத்தில் ஒரு தட்டுதான் வைக்க முடியும் என்று காப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஈரம் படாதில்ல?" என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். தொழில் என்ற கட்டத்தைக் காட்டி, "இதை மாத்துங்க" என்றார்.

"என்னன்னு மாத்தறது, அக்கா?"

"வேலை இல்லாம இருந்தான்னு எழுதுங்க. இனிமே அவனைப் பத்திப் பொய் எதுவும் வேணாம்."

எங்கள் பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட வேண்டும். கோடு இழுத்தேன். காப்பாளர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, 'கடைசி ஆண்டில் முழுநேரமும் நத்தைகளைச் சேகரித்தார்' என்று எழுதி அக்காவிடம் காட்டினார். "இதுவும் பொய் இல்லையே" என்றார். அக்கா நெடுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குவாரியை மண் கொட்டி மூடிக் கிடங்கு கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர், அங்கே இருந்த ஒருவகைச் சிறு நத்தை இந்த வட்டாரத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை, இனி இந்த நாற்பத்து மூன்று பெட்டிகளில்தான் அதைப் பார்க்க முடியும் என்று சொன்னார். அக்காவுக்குத் தகவல் சொல்லி அனுப்பினோம். வந்து கேட்டுக்கொண்டார். "அப்போ அவனைத் தவிர யாரும் பார்க்கலையா?" என்றார்.

அதற்கடுத்த வருஷம் ஒருநாள் அக்கா படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்துத் திறந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் உயில் எழுதி வைத்திருந்தார். அதில் எங்களுக்கும் ஒரு வரி இருந்தது. 'என் மகனுடைய பொருட்களில் அருங்காட்சியகம் விரும்புவதை எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாததை எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது.'

மகள் ஓர் அட்டைப் பெட்டியோடு மாடியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தாயின் நெற்றி, தாயின் கண்கள். காப்பாளர் ஒரு வலையையும் ஒரு கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார். மற்றவை வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள், "மிச்சத்தை நான் கொண்டுபோறேன்" என்று மகளே சொல்லிவிட்டார்.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் கேட்டார். "அம்மா போன்லேருந்து நீங்கதானே பேசினீங்க? என்கிட்ட... அந்தச் சீட்டைப் பத்தி?"

"ஆமாம்மா."

"அவங்க சொன்னதை நான் நம்பலேன்னு அம்மா நினைச்சுக்கிட்டாங்க. அது இல்ல, சார். அவன் போறதுக்கு முந்தின நாள் எனக்குப் போன் பண்ணான். ரெண்டு தடவை. குழந்தையைத் தூங்க வச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு எடுக்காம விட்டேன். அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டயும் சொல்லல."

"எதுக்குக் கூப்பிட்டாரோ, யாருக்குத் தெரியும்மா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

"அதான், சார்" என்றார். "அதான் எனக்குத் தெரியாமலே போச்சு."

காப்பாளர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலைக்கும் கண்ணாடிக்கும் நான் எண் எழுதிக் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அட்டைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.